நடை பழகும் பிள்ளையோடு மலையில் ஒரு ராத்திரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு மதுரை விளாங்குடியில். மகளுக்கு 17 மாதம் இருக்கும்போது முதல் தடவையாக மலைக்குக் கூட்டிப்போய் டென்ட்டில் படுக்கவைத்தோம். தாண்டிக்குடிப் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில். அதற்கப்புறம் சிறுமலை, பூம்பாறை என்று இன்னும் மூன்று முறை போயாகிவிட்டது. போட்டோவைப் பார்த்த பக்கத்து வீட்டு மதினியில் ஆரம்பித்து, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரைக்கும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் பிள்ளையைப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஒன்றரை வயசுப் பிள்ளையைப் போய் டென்ட்ல படுக்கப் போடலாமாக்கா? பாவமில்ல?"

போடலாம். நல்ல ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளைக்கு நம் பக்கத்து மலைகளின் உயரம் ஒரு தொந்தரவே இல்லை. உயரத்தால் வருகிற தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டர் அளவுதான். பகல் பொழுதும் கவலையில்லை. மண், இலை, எறும்பு போதும், பிள்ளை தானாக விளையாடும். சிக்கலெல்லாம் ராத்திரி பதினொன்றிலிருந்து விடிகாலை ஐந்து வரைக்கும்தான். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றியவை.

வீசிங் இருக்கிற பிள்ளை, குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இதயத்தில் பிரச்சினை உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். சளி, காதுவலி இருக்கிற வாரத்தில் யாராக இருந்தாலும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். டென்ட்டிலிருந்து ஐம்பது அடி எடுத்துவைத்தால் காரைத் தொட வேண்டும். கார் வராத இடமாக இருந்தால், எவ்வளவு அழகான இடமானாலும் இந்த வயசில் போவதில்லை. கீழே பல பதில்களில் இந்தச் சட்டம் திரும்ப வரும்.

"எந்த மலைக்குப் போறது? கொடைக்கானல்தானே?"

முதல் தடவைக்குக் கொடைக்கானல் வேண்டாம் என்பேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூட ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். தை மாதம் மதுரையில் ராத்திரி 20 டிகிரி என்றால், 1,300 மீட்டர் அளவில் இருக்கிற தாண்டிக்குடிப் பக்கம் 13, கொடைக்கானலில் 8 என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தெளிந்த வானமும் காற்றில்லாத ராத்திரியுமாக இருந்தால் கொடைக்கானல் பள்ளங்களில் உறைபனியே விழும். 20 டிகிரிக்கே குல்லா போடுகிற ஊர்க்காரர்கள் நாம்.

அதனால் முதலில் சிறுமலை அல்லது தாண்டிக்குடி. சிறுமலை திண்டுக்கல்லிலிருந்து 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம். தாண்டிக்குடிக்கு வத்தலக்குண்டு, சித்தரேவு, பெரும்பாறை வழியாகப் போக வேண்டும். காப்பித் தோட்டத்துக்குள் பெரிய மரங்களின் நிழல் இருப்பதால் காற்று நேராக அடிக்காது. இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு பூம்பாறை, மன்னவனூர். மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. புல்வெளியில் ஆடுகள் மேய்வதைப் பார்த்து எங்கள் மகள் ஒரு மணி நேரம் அசையவில்லை. டவுனில் அவளை அப்படி உட்காரவைக்க மொபைல் கொடுக்க வேண்டியிருந்தது.

"எந்த மாசம் நல்லது?"

மாசி, பங்குனி. குளிர் குறைந்திருக்கும், மழை இருக்காது. மார்கழி, தை அழகாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன குளிர். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். மண்சரிவு, அட்டை, ஈரம் என்று எல்லாம் சேர்ந்து வரும். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மதுரையே கொடைக்கானலுக்கு ஏறும், மே மாதம் மலர்க் கண்காட்சி வேறு. காட்ரோட்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, பின் சீட்டில் பிள்ளை அழ, ஏன் வந்தோம் என்று ஆகிவிடும்.

ஒன்று மட்டும் கவனம். மாசி, பங்குனியில் காடு காய்ந்து காட்டுத்தீ பருவம் ஆரம்பித்துவிடும். எங்கே தங்குகிறோம் என்ற அடுத்த கேள்வி அதனால்தான் முக்கியம்.

"நாமளே ஒரு நல்ல இடமாப் பார்த்து டென்ட் அடிச்சுக்க முடியாதா? எதுக்கு காசு?"

முடியாது. மலையில் ஆளில்லாமல் பசேலென்று கிடக்கிற இடம் பெரும்பாலும் வனத்துறையுடையது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தங்குவது அதைவிடப் பெரிய குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. நன்றாக ஓடக்கூடிய வயசுப் பிள்ளைகளுக்கே தப்பிக்க வழியில்லாமல் போன இடம் அது. இடுப்பில் பிள்ளையோடு நாம் எங்கே ஓடுவது?

பட்டா நிலத்தில், ஆள் குடியிருக்கிற தோட்டத்தில், முறையாக அனுமதி வைத்திருக்கிற இடத்தில் தங்குங்கள். நாலு கேள்வி கேளுங்கள்: அனுமதி இருக்கிறதா, ராத்திரி யார் இருப்பார்கள், கழிப்பறை எவ்வளவு தூரம், கட்டிடத்துக்குள் ஒரு அறை சும்மா இருக்குமா. கடைசிக் கேள்விதான் உயிர். மழையோ குளிரோ தாங்காமல் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய்விடலாம். முதல் தடவை ராத்திரி இரண்டரை மணிக்கு நாங்களும் அப்படித்தான் போனோம். கதை கீழே வருகிறது.

"இ-பாஸ் எடுக்கணுமா?"

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போனால் எடுக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இருக்கிறது. காசு கிடையாது, ஆன்லைனில் ஐந்து நிமிஷ வேலை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைப்பதால் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ஆரப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் பஸ்ஸில் போய் டென்ட்டில் தங்கினால் என் ஐம்பது அடிச் சட்டம் அடிபட்டுப் போகும். அங்கே ராத்திரி முழுக்க ஒரு வண்டி நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

"எங்க மாமியார் விடவே மாட்டேங்குறாங்க. காத்து கருப்பு அண்டிரும்னு ஒரே சண்டை. என்ன சொல்றது?"

என் அப்பத்தாவும் இதையே சொன்னார். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சந்தனத்தைப் பிள்ளை நெற்றியில் வைத்து, கன்னத்தில் மை வைத்து, காரில் எலுமிச்சம்பழம் வைத்து, அப்புறம் "ஒண்ணும் வராது, போயிட்டு வாங்க" என்று அவரே அனுப்பிவைத்தார். சண்டை போடாதீர்கள். அவர்களுடைய பயத்தில் பாதி நியாயமானது: குளிர், இருட்டு, ஆஸ்பத்திரி தூரம். அந்த மூன்றுக்கும் நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் கூட்டிக்கொண்டே போய்விடுங்கள். அவருக்கு அறை, உங்களுக்கு டென்ட். பகலில் பிள்ளையைப் பிடிக்க ஓர் ஆள் கூடக் கிடைத்த மாதிரி ஆகும்.

"போற வழியில வாந்தி எடுத்தா? காது அடைச்சு அழுதா?"

இரண்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வருவது குறைவு. அதற்கு மேல்தான் அதிகம். பக்கத்தில் உட்கார்கிற அம்மாவுக்கு வரும் என்பது வேறு விஷயம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்றோ ரெண்டோ இட்லி, அவ்வளவுதான். வயிறு நிறையப் பால் கொடுத்து ஏற்றாதீர்கள். வாந்தி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் இந்த வயசுக்குக் கொடுக்கவே கூடாது.

காதுக்கு, எதையாவது விழுங்கவைத்தால் போதும். தாய்ப்பால், தண்ணீர், உறிஞ்சுகிற கப். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் காது அதிகமாக வலிக்கும், எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். இறங்கும்போது பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், ஆனால் அழுது எழுந்தால் உடனே குடிக்கக் கொடுங்கள். பிள்ளைக்கான கார் சீட்டில் உட்காரவையுங்கள். பால் கொடுக்க மடிக்கு எடுப்பதென்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு. வளைவில் பிரேக் அடித்தால் மடியில் இருக்கிற பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

"குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் போடணும்?"

எல்லோரும் மேலே போர்த்துவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். குளிர் கீழேயிருந்து வருகிறது. மண் ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே நாலு கம்பளி போட்டாலும் அடியில் ஒன்றுமில்லை என்றால் பிள்ளை விறைக்கும். காற்று அடைத்த மெத்தையும் உதவாது, உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்துவிடும். எங்கள் வரிசை இது: முதலில் தார்ப்பாய், அதன்மேல் டென்ட், உள்ளே இரண்டு யோகா மேட், அதன்மேல் நாலாக மடித்த பவானி ஜமக்காளம், அதற்கும் மேல் மெத்தை விரிப்பு. அம்மா வீட்டிலிருந்து வந்து பரணில் கிடந்த ஜமக்காளத்துக்கு அன்றைக்குத்தான் விமோசனம்.

உடையை அடுக்கடுக்காகப் போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் முழுக்கை பேன்ட் சட்டை, மேலே ஸ்வெட்டர், காலுக்குச் சாக்ஸ், தலைக்கு மங்கி குல்லா. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் எல்லாமே கிடைக்கும். நாம் எத்தனை உடுப்புப் போட்டிருக்கிறோமோ அதைவிட ஒன்று கூட. அதற்கு மேல் போட்டால் வேர்க்கும், வேர்த்த துணி பிறகு குளிரும். படுக்கப் போகும்போது உடுப்பை மாற்றிவிடுங்கள். பகலில் போட்டதில் எப்படியும் ஈரம் இருக்கும்.

குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பிள்ளையின் கையும் மூக்கும் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். சட்டைக் காலருக்குள் விரலை விட்டுப் பிடரியைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பிசுபிசுத்தால் ஒன்றைக் கழற்றுங்கள். பிடரியே சில்லிட்டிருந்தால் உடனே உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நடுங்காமல், அழாமல், துவண்டு மந்தமாக இருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும். அப்போது டென்ட் வேண்டாம், அறைக்கோ காருக்கோ போய்ச் சூடுபடுத்திக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

"டென்ட்டுக்குள்ள மழை பெய்யும்னு சொன்னீங்களே, அது என்ன?"

முதல் தடவை நடந்தது. குளிருக்குப் பயந்து டென்ட்டின் எல்லா ஜன்னலையும், மேலே இருக்கிற காற்றுத் துவாரத்தையும் மூடிவிட்டோம். மூன்று பேர் மூச்சு உள்ளேயே சுற்றியது. ராத்திரி இரண்டே காலுக்கு மகள் வீலென்று எழுந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால், மேல் துணி முழுக்க மிளகு மிளகாகத் தண்ணீர்த் துளிகள். ஒவ்வொன்றாக வழிந்து நடுக்கம்பி ஓரத்தில் சேர்ந்து, சரியாக அவள் நெற்றிக்கு நேராகச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை, நட்சத்திரம் தெரிந்தது. போர்வையின் மேல்பக்கம் முழுக்க ஈரம். அந்த ராத்திரிதான் அறைக்கு ஓடினோம்.

அதிலிருந்து மேல் துவாரத்தையும் எதிரெதிர் பக்கம் இரண்டு ஜன்னலையும் நாலு விரல் அளவு திறந்தே வைக்கிறோம். குளிர் கொஞ்சம் கூடும், ஆனால் காய்ந்த குளிர் தாங்கக்கூடியது. பிள்ளையை டென்ட்டின் ஓரத்தில் படுக்கவைக்காதீர்கள், துணியில் பட்டால் நனையும். நடுவில் படுக்கவையுங்கள்.

"ஒரு சட்டியில கொஞ்சம் கரி போட்டு உள்ள வச்சா கதகதன்னு இருக்கும்ல?"

வேண்டவே வேண்டாம். கரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலிலேயே அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். கேஸ் அடுப்பும் உள்ளே கூடாது. காரில் ஹீட்டரைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவதும் கூடாது.

ரப்பர் வெந்நீர்ப் பையை மூடி இறுக்கி, துண்டில் சுற்றி, பிள்ளை படுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் படுக்கையில் வைத்துச் சூடேற்றுங்கள். பிள்ளை படுத்ததும் எடுத்துவிடுங்கள்.

"யூகலிப்டஸ் தைலம் கொஞ்சம் மூக்குல தடவிவிட்டா சளி பிடிக்காதுன்னாங்க?"

மலையில் கடைக்குக் கடை விற்கிற தைலம் பெரியவர்கள் தலைவலிக்கு. சின்னப் பிள்ளையின் மூக்கிலோ மூக்குக்குக் கீழோ தடவினால் மூச்சுக் குழல் இறுகிவிடலாம். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டால் வலிப்பு வரைக்கும் போகும். சூடத்துக்கும் இதேதான். வாங்கினால் காரின் டேஷ்போர்டுக்குள் பூட்டிவையுங்கள்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க? அங்க சமைக்க முடியுமா?"

முதல் வேளைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லி, பெரியவர்களுக்குப் புளியோதரை. ராத்திரிக்குப் பிள்ளைக்குப் பருப்புச் சாதமோ கேழ்வரகுக் கஞ்சியோ. புதுச் சாப்பாட்டைப் பழக்க மலை சரியான இடமில்லை, வீட்டில் விரும்பிச் சாப்பிடுவதையே கொடுங்கள். பழத்துக்கு வத்தலக்குண்டு, சிறுமலைப் பக்கம் நிறுத்தி மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிவிடுவோம். சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடே இருக்கிறது. தோல் கறுத்துச் சுருங்கினால்தான் ருசி, கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சமைப்பதென்றால் குக்கர் வேண்டும். உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குடிதண்ணீரையும் தளதளவென்று மூன்று நிமிஷமாவது கொதிக்கவிட்டுப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். சுனைத்தண்ணீர், மூலிகைத் தண்ணீர் என்று யார் சொன்னாலும் பிள்ளைக்கு வேண்டாம்.

"மலைத்தேன் கொஞ்சம் நாக்குல தடவலாமா? சுத்தமான தேன்தானே?"

ஒரு வயசு முடிந்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். முடியாத பிள்ளைக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தளரவைக்கிற விஷத்தை உண்டாக்கும். தேன் சுத்தமாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"பிள்ளை எங்கயாவது ஓடிருச்சுன்னா? கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள காணாம போகுதே."

கொலுசு போடுங்கள். நிறைய மணி வைத்த கொலுசு. அப்பத்தா வாங்கிப் போட்டது, வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் கழற்றிவைத்திருந்தேன். தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே அவள் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடவை சட்டென்று சத்தம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், காப்பிச் செடிக்குக் கீழே உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த சிவப்புப் பழங்களைப் பொறுக்கி வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. விரலை விட்டு எடுத்ததில் ஐந்து பழம். தோல் இனிக்கும்தான், ஆனால் உள்ளே இருக்கிற வழுக்கலான கொட்டை தொண்டையில் அடைக்க சரியான அளவு. கொலுசில் மணி கழன்று விழுகிற மாதிரி இருக்கிறதா என்பதையும் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் வாய்க்குத்தான் போகும்.

அப்புறம், "நீ பார்க்குறேன்னு நெனச்சேன்" என்பதுதான் ஆபத்தான வாக்கியம். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டென்ட் ஜிப்பை உள்ளேயிருந்து மேலே கொண்டுபோய் முடியுங்கள், பிள்ளைக்கு எட்டாது.

"கேம்ப் ஃபயர் போடலாம்ல?"

தோட்டக்காரர் காட்டுகிற இடத்தில், சின்னதாக, பிள்ளை தூங்கிய பிறகு. விழித்திருக்கும்போது போடுவதானால் யாராவது ஒருவர் பிள்ளையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். நைலான் உடுப்பில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். சுட்டுவிட்டால் இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வைக்கக்கூடாது. காட்டுத்தீ மாதங்களில் நெருப்பே வேண்டாம். காலையிலும் சாம்பல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுத்தான் பிள்ளையை இறக்கிவிட வேண்டும்.

"யானை, காட்டெருமை எல்லாம் வருமாமே?"

வரும். கொடைக்கானலில் காட்டெருமை கடைத்தெருவிலேயே நடக்கிறது. பார்க்கச் சாதுவாக இருக்கும், அதை நம்பிப் பிள்ளையைக் காட்ட நெருங்கிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். காருக்குள்ளிருந்து காட்டுங்கள். தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழம் பழுக்கிற காலத்தில் தோட்டத்துக்கே வரும். இந்த வாரம் யானை வந்ததா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். ஆமாம் என்றால் தேதியை மாற்றுங்கள். "நேத்து வந்துட்டுப் போயிருச்சு, இனி வராது" என்று சொல்கிறவரிடம் வாதாடாமல் வேறு இடம் பார்க்கலாம்.

சாப்பாட்டை டென்ட்டில் வைக்காதீர்கள். பிஸ்கட், பழத்தோல், பால் பாட்டில் எல்லாம் காருக்குள். வாசனைக்குக் காட்டுப்பன்றி வரும், பகலில் குரங்கு.

"டயப்பரை அங்கேயே குழி தோண்டிப் புதைச்சிரலாமா?"

பன்றியும் நாயும் ராத்திரியே தோண்டி எடுத்துத் தோட்டம் முழுக்க இழுத்துப் போட்டுவிடும். மூடி இருக்கிற வாளி ஒன்றைக் காரில் வைத்து, திரும்பி மதுரைக்கே கொண்டுவந்து குப்பை வண்டியில் போடுங்கள். கொடைக்கானலில் சின்னத் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருக்கிறது, பெரிய கேனோ எவர்சில்வர் பாட்டிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"அட்டை கடிச்சா என்ன செய்யணும்?"

பிய்த்து இழுக்காமல், நகத்தால் அல்லது ஏ.டி.எம். கார்டால் வாய்ப்பக்கம் தள்ளிவிடுங்கள். நெருப்பு வைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் வழியும். கழுவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்துங்கள். அட்டை அருவருப்புதான், ஆபத்து குறைவு. புல்லில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிதான் நிஜமான ஆபத்து. அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

"ராத்திரி காய்ச்சல் வந்துட்டா? மலையில ஆஸ்பத்திரி ஏது?"

தெர்மாமீட்டர், பாராசிட்டமால் சிரப், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மூன்றும் பையில் இருக்க வேண்டும். சிரப் அளவு எடையைப் பொறுத்தது. கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி, பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்கு வராது. கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கீழே வத்தலக்குண்டு, அதற்கப்புறம் தேனியிலும் திண்டுக்கல்லிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்.

காய்ச்சல் இருந்தாலும் பிள்ளை குடிக்கிறது, முகம் பார்க்கிறது என்றால் அறைக்குள் படுக்கவைத்து விடியும்வரை காத்திருக்கலாம். மூச்சு வேகமாக இருந்து விலா உள்ளிழுத்தால், எதையும் குடிக்க மறுத்தால், ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், எழுப்பியும் சரியாக எழாவிட்டால், வலிப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். ஐம்பது அடியில் கார் இருக்க வேண்டும் என்றது இதற்குத்தான். சில மலைப்பாதைகளில் ராத்திரி வண்டி போக வனத்துறை விடுவதில்லை, மேகமலைப் பாதை அப்படித்தான். சோதனைச் சாவடியைத் தாண்டும்போதே, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு நம்பரைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதையும் பகலிலேயே பார்த்துவையுங்கள்.

"போய்ட்டு வந்து பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல். இதுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்கலாம். புல், புதரில் இருக்கிற ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சுகள் கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இருக்கிறது. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் மலைக்குப் போனதே நமக்கு மறந்திருக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், டயப்பர் பட்டைக்குக் கீழே என்று ஒளிந்திருக்கும். பொருக்கு இல்லாமலும் காய்ச்சல் வரலாம். டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக "மலையில புல்லுல தங்கிட்டு வந்தோம்" என்று சொல்லுங்கள். சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும், தாமதமானால் நுரையீரல், மூளை வரைக்கும் போகும்.

தவிர்க்க, பிள்ளையை வெறும் புல்லில் உட்காரவைக்காதீர்கள், பாய் விரியுங்கள். துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்த கையோடு குளிப்பாட்டி, மேலே சொன்ன இடங்களைத் தடவிப் பார்த்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் ஊறவையுங்கள்.

"எங்க பிள்ளை புது இடத்துல தூங்கவே தூங்காது. ராத்திரி பூரா கத்துனா?"

முதலில் மொட்டைமாடி. கிளம்புவதற்கு முந்தைய வாரம் இரண்டு ராத்திரி மாடியில் டென்ட் போட்டு எல்லோரும் அதிலேயே படுங்கள். மதுரை வெக்கையில் வேர்த்து ஊற்றும்தான், ஆனால் ஜிப் சத்தம், டார்ச் வெளிச்சம், துணி படபடப்பது எல்லாம் பிள்ளைக்குப் பழகிவிடும். நமக்கும் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியும். மலையில் இருட்டும்போது அதைத் தேடிக்கொண்டு கணவன் மனைவி சண்டை போட வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளை படுக்கிற தலையணை உறையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், வாசனைக்குத் தூங்கிவிடும்.

"மூத்தவனுக்கு மூணு வயசு, சின்னதுக்கு அஞ்சு மாசம். ரெண்டையும் கூட்டிப் போகலாமா?"

அஞ்சு மாதப் பிள்ளையோடு டென்ட் வேண்டாம். அந்த வயசில் தளர்ந்த போர்வை முகத்தை மூடினால் விலக்கத் தெரியாது, பெரியவர்கள் நடுவில் நெருக்கிப் படுக்கவைப்பதும் ஆபத்து. அந்தப் பிள்ளையோடு அம்மா அறையில், மூத்தவனோடு அப்பா டென்ட்டில். இரண்டு இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்.

"அடுத்து எப்போக்கா போறீங்க? நாங்களும் வரலாமா?"

மாசியில், தாண்டிக்குடிக்கு. ஒரு குடும்பத்துக்கு இடம் இருக்கிறது. மாடியில் இரண்டு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஜமக்காளம் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள், எங்களுடையது எங்களுக்கே பத்தவில்லை.